பகலில் குளிர்ந்த பெட்டி

இறால் கம்பெனியின் குளிரறை குளிரவில்லை என்றாலும், கோழிப்பண்ணையின் பொரிப்புப் பெட்டி சூடாகவில்லை என்றாலும், கொச்சி மட்டாஞ்சேரியில் ஆட்கள் தேடி வருகிற இடம் என் கடைதான். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே: "சென்சாரை எங்க வச்சிருக்கீங்க?" கதவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். காற்றாடிக்கு நேராக வைத்திருப்பார்கள். வைத்துவிட்டு, மெஷின் பொய் சொல்கிறது என்பார்கள். மெஷின் எங்கே ஐயா பொய் சொல்லும்? சென்சார் தான் இருக்கிற இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். அறையின் அந்த மூலையில் கிடக்கிற உங்கள் இறாலின் சூடு அதற்கு எப்படித் தெரியும்?

என் வயதுக்காரர்களே, உங்களில் பலர் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று, பேரப் பிள்ளைகள் கொடுத்த போனைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். இன்றைக்கும் காலையில் கடையை நானே திறக்கிறேன். களமசேரியில் படிக்கிற பிள்ளைகள் சர்க்யூட் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "சேச்சி, இதொந்நு நோக்கூ" என்று நிற்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவேன். மீட்டரைச் சந்தேகப்படுவேன், கம்பியைச் சந்தேகப்படுவேன், கொண்டுவந்த ஆளைச் சந்தேகப்படுவேன். அப்படியே பிழைத்து, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினேன்.

அந்தச் சந்தேகம் எங்கள் வீட்டில் ஊறிப்போன ஒன்று. ஒரு துலாமாச, அதாவது நம் ஐப்பசி, மழைக்காலத்தில் அது ஊற ஆரம்பித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனை ஒட்டிய சந்தில் வாடகை வீடு. கீழே இரண்டு அறை. வெளிப்பக்கம் மரப்படி ஏறினால் மாடியில் ஓர் அறை. கீழறைச் சன்னலைத் திறந்தால் சுக்குக் கிடங்கின் முற்றம். சுண்ணாம்பில் முக்கிய இஞ்சியை அங்கே பரப்பிவிடுவார்கள். வெயில் ஏறியதும் அந்த வெளுப்பு எங்கள் அறைக்குள் உத்தரம்வரை அடிக்கும், கண்ணைத் திறக்க முடியாது. கிடங்கைச் சுற்றித் திரிகிற ஆடுகள் சன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்து எங்கள் சோற்றைப் பார்க்கும். காற்று திரும்பினால் மிளகுத் தூசி. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் தும்மியே காலத்தைக் கழிப்பார்கள்.

அப்பா தென்காசிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர். அந்தக் கிடங்கில் சரக்குப் பார்க்கிற வேலை. மூட்டைக்குள் குத்தி இழுத்தால் நடுவயிற்றுச் சரக்கைக் கொண்டுவருகிற குழல்போன்ற குத்தூசி ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். மேலே நல்ல மிளகு, உள்ளே பதர் என்று கட்டுகிறவர்களையே பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். யாராவது வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனால், வாசலைப் பார்த்தபடி, "மேல் சரக்கு நல்லாத்தான் இருக்கு" என்பார். அவ்வளவுதான். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காப்பி குடித்திருக்க மாட்டார்.

சித்தி, அம்மாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு மழை பார்ப்பதற்குள் புருஷன் போய்விட்டான். கொழுந்தன் வீட்டில் மாட்டுக்கொட்டடியும் அடுக்களையுமாகக் கிடந்தவளை அம்மா அழுது அடம்பிடித்துக் கொச்சிக்குக் கூட்டிவந்திருந்தாள். அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அவள் சோற்றுக்கு அவள் ஏதாவது வழி பார்க்க வேண்டும். முடியாவிட்டால் திரும்பக் கொழுந்தன் வீடு. சித்தி அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்தப் பேச்சு எடுத்தால் அவள் கை தானாக முந்தானையைப் பிடித்து முறுக்கும்.

அவள் கண்டுபிடித்த வழி கோழிக்குஞ்சு. பள்ளுருத்தியில் வெள்ளைக் கோழி வளர்க்கிற ஒருவர் முட்டை கொடுப்பார். அடைவைத்துப் பொரித்துக் குஞ்சாக விற்கலாம். தொல்லை என்னவென்றால், அடைகாக்கிற கோழி அதற்கு மனம் வந்தால்தான் உட்காரும். நமக்கு அவசரம் என்று அதற்குத் தெரியாது.

மாடி அறையில் அப்பாவிடம் உள்வாடகைக்குக் குடியிருந்தவருக்குக் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உலையின் சூட்டைச் சொல்கிற மீட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். எங்களுக்கு அவர் மாடிச் சேட்டன். விடியுமுன் படகைப் பிடித்துப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். சனிக்கிழமை வேலை முடிந்து அப்படியே வைக்கம் பக்கம் தன் வீட்டுக்குப் போய், திங்கள் இரவில்தான் திரும்புவார். எப்போதும் நகக்கண்ணில் ஈயப் பற்றுக் கறை. தொழிற்சாலைக்கு லீவான ஒரு சாயங்காலம் படியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே, சித்தியின் அடைக்கோழி எழுந்து ஓடுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"கோழிக்கு முடியலெங்கில் விடணம் சேச்சி," என்றார் அம்மாவிடம். "சூடு தானே வேணும்? ஒரு பெட்டி போதும்."

"பெட்டி குஞ்சு பொரிக்குமாக்கும்!" என்றாள் அம்மா.

"பொரிக்கும். பெட்டிக்குக் கோபம் வராதல்லோ."

சித்தி சிரித்துவிட்டாள். அப்பா இடுப்புக் குத்தூசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெட்டி என்றால், அந்தப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜூ டவுனில் பழைய சாமான் விற்கிற கடையில் இருந்து சேட்டன் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். யாரோ துரை வீட்டு ஐஸ்பெட்டி. தேக்கு. உள்ளே துத்தநாகத் தகடு, நடுவில் மரத்தூள் அடைத்த இரட்டைச் சுவர். குளிரை வெளியே விடாதது சூட்டையும் வெளியே விடாது என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கு அதே மாதிரிப் பெட்டியை அதே தெருவில் கண்ணாடிக்குள் வைத்து, மேலே விளக்குப் போட்டு, வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். எங்கள் பெட்டி கடைசியில் மழையில் கிடந்து உளுத்துப் போயிற்று.

அடியில் இரண்டு பல்பு. வெளிச்சம் மேலே வராமல் சூடு மட்டும் வரும்படி அவற்றின்மேல் ஒரு தகரத் தட்டு. தட்டுக்கு மேலே வைக்கோல், அதன்மேல் முட்டை, ஓரத்தில் ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். மூடியில் சதுரமாக வெட்டி ஒரு கண்ணாடி பதித்தார். திறக்காமலே உள்ளே சாய்த்து வைத்த வெப்பமானியைப் படிப்பதற்கு. "திறக்கருது. திறந்தால் சூடு போகும்," என்பது அவர் சட்டம். காலையும் மாலையும் முட்டையைத் திருப்பிவிடச் சித்தி மட்டும் திறக்கலாம்.

இனி சென்சார். கம்பியின் நுனியில் தொங்கிய ஒரு சின்னக் குப்பி, மூன்று கால்கள், மேலெல்லாம் கறுப்புப் பூச்சு. கொன்றை விதை மாதிரி இருந்தது. டிரான்சிஸ்டர் என்றார். "மோளே, இது சூடு பட்டால் கசியும். இதுக்குள்ள கரண்டு கசியும். கசிவு கூடினால் வெளியில் இருக்கிற ரிலே 'டக்'குன்னு பல்பை அணைக்கும். ஆறினால் மறுபடி 'டக்', எரியும்."

"ஏன் சேட்டா கறுப்பா இருக்கு?"

"அது அங்ஙனெ வருந்நதாணு."

அது அப்படித்தான் வரும். ஒரு பொருளைச் செய்கிறவன் அதில் எதைத் தொடக்கூடாது என்பதையும், ஏன் என்பதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டித்தான் கொடுக்கிறேன். அவர் அன்று சொல்லவில்லை. தெரிந்து சொல்லவில்லையா, அவருக்கும் தெரியவில்லையா என்பது வேறு விஷயம்.

வெறும் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தோம். வெப்பமானி அசையாமல் நின்றது. சித்தி மணிக்கொரு தடவை போய்க் குனிந்து பார்ப்பாள். கண்ணாடிச் சூடு அவள் முகத்தில் பட்டுச் சிவக்கும். ராகு காலம் பார்க்கிற அம்மா, முட்டை வைப்பதற்கு விஜயதசமியைக் குறித்தாள். பூஜை விடுமுறைக்குச் சேட்டன் ஊருக்குப் போய்விட்டார்.

விஜயதசமிக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்று தேய்த்துக் கழுவாத பொருள் எதுவும் இருக்காது. அரிவாள்மணை, ஆட்டுக்கல், அப்பாவின் குத்தூசி, அவர் சைக்கிள் செயின், என் சிலேட்டு. தேய்ப்பது சித்தி. பொட்டு வைப்பது அம்மா. சித்தி குங்குமச் சிமிழைத் தொடக்கூடாது அல்லவா, அதனால் அவள் பங்குக்குத் தேய்ப்பு முழுவதும் அவளுடையது. அதில் ஒரு வேகம் இருக்கும். அன்று பெட்டியைத் தேங்காய்நாரால் தேய்த்தாள், தகரத் தட்டைத் தேய்த்தாள். பிறகு கம்பியோடு அந்தக் கறுப்புக் குப்பியைக் கையில் எடுத்து, "நாளைக்கு உசிரு வைக்கப்போற இடத்துல இது என்ன கரி மாதிரி?" என்று புளியும் சாம்பலும் தொட்டு, நகத்தாலும் நாராலும் சுரண்டிச் சுரண்டித் தேய்த்தாள்.

கறுப்பெல்லாம் போய், உள்ளிருந்து கண்ணாடி வந்தது. கண்ணாடிக்குள் எள்ளுமாதிரி ஏதோ ஒன்று பளிச்சென்று மின்னியது. நாங்கள் மூவரும் மூக்குத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். "எம்புட்டு அழகு! இதைப் போயி மூடி வச்சிருக்கான் பாரு," என்றாள் அம்மா. அதன் கால்பக்கத்தில் ஊசி நுனியளவு சந்தனம் வைத்தாள்.

மறுநாள் நல்ல நேரத்தில், இருட்டு விலகுமுன், முட்டை வைத்தாயிற்று.

வெயில் கிடங்குக் கூரையைத் தாண்டி முற்றத்து இஞ்சியில் விழுந்ததும் 'டக்' என்றது. பல்பு அணைந்தது. பிறகு எரியவேயில்லை. உச்சிப்பொழுதில் கண்ணாடி வழியே பார்த்தால் வெப்பமானி இறங்கிக்கிடக்கிறது. சித்தி முட்டையைத் தொட்டுப் பார்த்து, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு 'டக்'. எரிந்தது.

விடுமுறை முடிந்து சேட்டன் வந்த அன்றும் அப்படியே. அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பல்பு எரிய ஆரம்பித்தது. அவர் சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியின் உட்புறம் ஆவி பிடித்து மங்கியிருந்தது. சாய்த்து வைத்த வெப்பமானி மட்டும் தெரிந்தது. அது சரியாக இருந்தது.

"நல்ல வேலை செய்யுதே!" என்றார்.

"பகல்ல நின்னுடுது தம்பி," என்றாள் அம்மா.

அவர் வெளியே இருந்த ரிலேயைக் கழற்றிப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், பற்றவைத்த இடங்களை எல்லாம் இழுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அவர் பெட்டிக்கு வெளியே இருந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். உள்ளே தொங்கிய குப்பியைச் சந்தேகப்படவில்லை. திறக்கக்கூடாது என்ற சட்டம் அவருடையதே ஆயிற்றே. இரண்டு மூன்று சாயங்காலம் இதேபோல் நடந்தபின், குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் கேட்டார்:

"சேச்சி, உள்ளது பறயணம். பகல் நிங்ஙள் கரண்டு மிச்சம் பிடிக்கான் ஸ்விட்சு ஆஃப் ஆக்குந்நுண்டோ?"

உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். "ஆமாவே! உம்ம கரண்டைத் திருடி நாங்க அண்டாவுல போட்டு வச்சிருக்கோம். மோந்து குடியும்!"

சேட்டன் முகம் சுண்டிப்போயிற்று. "ஞான் சும்மா சோதிச்சதாணு" என்று படியேறிப் போய்விட்டார். சோதிச்சது என்றால் மலையாளத்தில் கேட்டது என்று பொருள், உங்களுக்குத் தெரியாததா. ஆனால் கேட்ட கேள்வி போய் உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அப்பாவின் குத்தூசி வேலையைத் தொடங்கியது. என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, நாளையில இருந்து பள்ளிக்கூடம் வேண்டாம். பொட்டிகிட்ட உக்காரு. எப்ப நிக்கு, எப்ப ஓடுதுன்னு பாத்துச் சொல்லு." எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதோடு பள்ளிக்கூடமும் போயிற்று. ஐஸ்பெட்டிதான் எனக்குக் காலேஜ்.

நான் பார்த்ததைச் சொன்னேன். அப்பா கூட்டிக் கழித்தார். அவன் படகேறின கொஞ்ச நேரத்தில் நிற்கிறது. அவன் வருகிற நேரத்துக்கு ஓடுகிறது. சனிக்கிழமை அவன் ஊருக்குப் போனால்? அப்போதும் பகலில் நிற்கிறது, இருட்டினால் ஓடுகிறதே என்றேன். "அது நம்மளை ஏமாத்த," என்றார் அப்பா.

ஒரு மத்தியானம் துலாமழை திரண்டு வந்தது. வானம் தார்மாதிரி இறங்கியது. முற்றத்து இஞ்சியைப் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு வாரினார்கள். முதல் இடி இடிப்பதற்கு முன்பே 'டக்' என்று பெட்டி எரிய ஆரம்பித்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா சொன்னாள், "இடிக்குப் பயந்து முழிச்சுக்கிட்டு போல." அப்பா சொன்னார், "வயர்லெஸ். அங்க இருந்தே போடுதான்."

அதற்கு அவருக்குச் சாட்சியும் கிடைத்தது. சேட்டனுடைய ரேடியோவின் ஏரியல் கம்பி மாடியில் இருந்து எங்கள் சன்னல் ஓரமாக இறங்கிப் பலாமரத்துக்குப் போயிற்று. அதைப் பார்க்காத நாளில்லை. ஆனால் அன்றுதான் பார்ப்பதுபோல் அப்பா அதன் கீழே நின்று பார்த்தார். தொடவில்லை. துப்பினார்.

"பொட்டியைக் கெடுத்து வைக்கறதே அவன்தான்," என்றார் அம்மாவிடம். சித்திக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார். "ஓடிக்கிட்டே இருந்தா அவனுக்குக் கீழ என்ன சோலி? நின்னாத்தானே வந்து பாக்கலாம்? அவ விளக்கைப் பிடிக்கா, இவன் குனிஞ்சு பாக்கான். நல்லா இருக்கு கூத்து."

"வாயை அலம்பிட்டு வாங்க," என்றாள் அம்மா. ஆனால் மறுநாளில் இருந்து சேட்டன் வந்தால் விளக்கைப் பிடிப்பது அம்மா. சித்தி அடுக்களைக்குள். என்ன சூடு காட்டுகிறது என்பதைச் சித்தி என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன். அவர் பதிலை நான் அவளிடம் சொல்வேன். ஒரு சுவர்தான் நடுவில். இரண்டுபேருக்கும் இரண்டுபேர் சொல்வதும் நேராகவே கேட்கும்.

முட்டைகளை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிற நாள் வந்தது. அட்டையில் ஓட்டை போட்டு, பின்னால் டார்ச்சு. உயிர் இருந்தால் சிலந்திக் கால்மாதிரி நரம்பு ஓடவேண்டும். சித்தி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு வளையம், உள்ளே ஒன்றுமில்லை. உயிர் பிடித்துப் பிறகு செத்தது. கூடை முழுவதும் பார்த்து முடித்து, டார்ச்சை அணைத்து, "எல்லாம் கூமுட்டை" என்றாள். முற்றத்துத் தென்னையின் மூட்டில் அவளே குழி தோண்டினாள். மழையில் அந்த இடம் நாறியது. அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு ஈடு வச்சுப் பாருங்க. அதுவும் இப்படின்னா, தென்காசி வண்டிக்குச் சொல்லிடுதேன்," என்றார்.

பள்ளுருத்திக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டே இரண்டாம் ஈடு முட்டை கொடுத்தார். வைத்தோம். அடுத்த காலை சேட்டன் படியிறங்கும்போது அப்பா வாசலில் நின்றார்.

"இன்னைக்கு வேலைக்குப் போக வேண்டாம். சாமானைக் கட்டும்."

"எந்தினா?"

"எதுக்குன்னு உமக்குத் தெரியும். வயசுப்பிள்ளை இருக்கிற வீடு."

சேட்டன் அப்படியே திரும்பினார். மேலே போனார். தகரப்பெட்டியும் படுக்கையும் ரேடியோவுமாகக் கீழே கொண்டுவந்து வைத்தார். வண்டிக்காரன் வரத் தாமதம். அதற்குள் விடிந்து, வெயில் கூரையேறி, இஞ்சிமேல் விழுந்தது. அவர் அந்த வீட்டில் இருந்த காலத்தில் ஒரு வேலைநாள் வெயிலைக் கீழறையில் பார்த்தது அன்றுதான். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். அப்பா வாசலில், அம்மா தூணருகே, சித்தி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு.

'டக்.'

சேட்டன் திரும்பினார். அப்பா அவரைத் தடுப்பதற்குள் பெட்டியருகே போய்க் குனிந்தார். அன்று பகல் வெளிச்சம், ஆவியை மீறி உள்ளே தொங்கிய குப்பி தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். 'டக்.' பல்பு எரிந்தது. கையை எடுத்தார். 'டக்.' அணைந்தது. மறுபடி கை. 'டக்.'

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். திருவிழாவில் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்தவன் சிரிப்பு. நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "வெளிச்சம்..." என்று தொடங்கினார்.

தொடங்கியவர் நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பாத்தியளா?" என்று கத்தினார் அப்பா. "கையை வச்சா ஓடுது, கையை எடுத்தா நிக்குது! என் கண்ணு முன்னாலேயே வித்தை காட்டுதான்! இன்னும் என்ன சாட்சி வேணும்?"

சேட்டன் வாயை மூடிக்கொண்டார். தகரப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். வண்டிக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. படுக்கையையும் ரேடியோவையும் பிறகு வண்டிக்காரன் வந்து எடுத்துப் போனான்.

அன்று மத்தியானமே சித்தி கறுப்புக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிமேல் போர்த்தினாள். "கண்ணு படும்," என்றாள். "இதை முன்னாலேயே செஞ்சிருக்கணும்," என்றாள் அம்மா. பெட்டி எரிந்தது. பகலிலும் எரிந்தது. வெயிலிலும் எரிந்தது. வெப்பமானி ஆணியடித்தாற்போல் நின்றது. நாள் நிறைந்த காலையில் வைக்கோலுக்குள் இருந்து முதல் சத்தம் வந்தபோது அம்மா அழுதாள். மஞ்சள் பஞ்சுருண்டைகளாகக் கூடை நிறைந்தது.

அப்பாவுக்கு அது போதும். ஆளை அனுப்பினேன், பெட்டி நேரானது என்பார். சாகிறவரைக்கும் இந்தக் கதையை வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் சொன்னார். மட்டாஞ்சேரிப் படகுத்துறைவரை அந்தப் பேச்சுப் போயிற்று. தமிழர் வீட்டில் முட்டையைக் கொன்று வித்தை காட்டியவன் என்று. நானும் நம்பினேன். கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் கையை விரித்து நடித்துக் காட்டுவேன். சித்தி ஊருக்குப் போகவில்லை. பள்ளுருத்தியில் ஒரு வீடு பிடித்து, பெட்டிக்குமேல் பெட்டியாக வைத்து, குஞ்சுக்காரி என்று பெயரெடுத்தாள். அந்தப் பெட்டிகளில் கை வைத்துத்தான் நான் தொழில் பழகினேன்.

எனக்கென்று கடை வந்து வெகுநாள் கழித்து, ஒருவர் பழைய ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே அதே கறுப்புக் குப்பிகள். ஒன்றைக் கழற்றி மீட்டரில் மாட்டினேன். ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தது. அந்த நேரம் யாரோ கடையின் ஷட்டரை முழுக்க ஏற்றினார்கள். வெயில் மேசையில் விழுந்தது. முள் துள்ளி ஏறியது. சூடு இல்லை, காற்றில்லை, முள் ஏறுகிறது. நான் கையை அதன்மேல் விரித்துப் பிடித்தேன். முள் இறங்கியது. கையை எடுத்தேன். ஏறியது.

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் குப்பி சூட்டுக்கு மட்டுமல்ல, வெளிச்சத்துக்கும் கசியும். அதனால்தான் செய்கிறவர்கள் கறுப்படித்து அனுப்புகிறார்கள். கறுப்பைத் தேய்த்துவிட்டால் பகலைச் சூடு என்று நினைத்துக்கொண்டு பல்பை அணைக்கும். இருட்டினால் எரியும்; சிம்னி விளக்கின் மங்கல் அதற்குப் போதாது. சேட்டன் இருட்டில் போய் இருட்டில் வந்தவர். இவ்வளவுதான்.

மீட்டரையும் குப்பியையும் பையில் போட்டுக்கொண்டு பள்ளுருத்திக்குப் பஸ் ஏறினேன். சித்தி முற்றத்தில் உட்கார்ந்து, நொண்டிக் குஞ்சுகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் வெயிலில் மீட்டரை வைத்து, கையை விரித்து, எடுத்து, எல்லாம் காட்டினேன். பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் மூச்சு வாங்கியது எனக்கு.

"வெளிச்சம் சித்தி! சூடே இல்லை! நீ ஆயுத பூஜைக்குத் தேய்ச்சியே, அந்தக் கறுப்பு..."

"தெரியும்டி," என்றாள். குஞ்சின் காலை நீவிக்கொண்டே.

"எப்பத் தெரியும்?"

"அவரு கையை வச்சு எடுத்தாரே, அப்பவே. அவரு கண்ணாடிக்குள்ள பாத்துட்டு என்னைத்தான் பாத்தாரு."

"அப்ப ஏன் அவர் சொல்லல? 'வெளிச்சம்'னு ஆரம்பிச்சாரே!"

"நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன்."

அன்றைய அறையை நினைத்துப் பார்த்தேன். அடுக்களை நிலைக்கு நேரெதிரே பெட்டி. மற்றவர்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளைப் பார்க்க யாருமில்லை.

"கறுப்பைத் தேய்ச்சது நான்," என்றாள் சித்தி. "அவரு வாயைத் திறந்திருந்தா முட்டையைக் கொன்னது நான்னு ஆயிருக்கும். உங்கப்பா அடுத்த வண்டியில ஏத்தியிருப்பாரு. மாடியில இருந்தவருக்குச் சம்பளம் இருந்துச்சு, வீடு இருந்துச்சு, போக இடம் இருந்துச்சு. எனக்கு அந்தக் கொழுந்தன் வீடு. தலையை ஆட்டினேன். அவரு வாயை மூடிக்கிட்டாரு."

"ஊரெல்லாம் அவரைத் திட்டிச்சே சித்தி. நானும்தான்."

"கேட்டேன், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

குஞ்சைக் கீழே விட்டாள். அது இரண்டடி நொண்டி நடந்து, உட்கார்ந்துவிட்டது. நான் என் தொழில் புத்தியோடு மறுபடி ஒன்றைக் குடைந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்ப உன்னையும் அவரையும் வச்சு அப்பா சந்தேகப்பட்டது...?"

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுவரைக்கும் அது பொய்," என்றாள். "அவரு வாயை மூடினாரே, அப்பத்தான்டி அது நெசமாச்சு. நெசமாகும்போது அவரு தெருமுனையில போயிக்கிட்டு இருந்தாரு."